ஹெட்ஃபோனில் மேற்கத்தியச் செவ்வியல் இசை: கேட்கவும் தேடிக் கண்டடையவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ரீமிங் செயலிகள் பெரும்பாலும் பாட்டை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. ஒரு பாடகர், அவர் பாடிய பாட்டு, அது இடம்பெற்ற ஆல்பம் என்ற மூன்றடுக்குக் கணக்கே அவற்றுக்குப் போதும். மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குள் நுழைந்ததும் அந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. அங்கே ஒரு படைப்பை ஒருவர் எழுதியிருப்பார். நூறு இருநூறு ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதை நடத்தியிருப்பார். ஓர் ஆர்கெஸ்ட்ரா வாசித்திருக்கும். அதே படைப்பை இன்னும் எத்தனையோ குழுவினர் பதிவு செய்திருப்பார்கள். போதாக்குறைக்கு அது ஒரு சிம்பொனி, அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்கான நீண்ட படைப்பு என்றால், பெரும்பாலும் நான்கு பகுதிகளாகப் பிரிந்து, நான்கு தனிப் பாட்டுகளைப் போலத் திரையில் கிடக்கும். புதிதாகக் கேட்க வருபவர்கள் இசையே பிடிக்காமல் விலகுவதைவிட, தேடல் பெட்டியில் எதிர்ப்படும் இந்தக் குழப்பத்தில் சோர்ந்து விலகுவதே அதிகம் என்பது என் எண்ணம்.

குழப்பத்துக்குக் காரணமான அந்த மிகுதிதான் ஸ்ட்ரீமிங் தரும் பெரிய வாய்ப்பும்கூட. ஒரே படைப்பின் பல வாசிப்புகளை அடுத்தடுத்து ஒப்பிட்டுக் கேட்கும் வசதி முன்பு பெரிய இசைத்தட்டுச் சேகரிப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே இருந்தது. ஹெட்ஃபோன் தருவது அண்மை: வில் கம்பியைத் தொடும் ஓசைவரை காதில் விழும். இந்த இரண்டையும் இணைத்து, நூறு படைப்புகளை மேலோட்டமாகக் கேட்பதற்குப் பதிலாகச் சிலவற்றில் ஊன்றி நிற்கும் வழியைத்தான் கீழே படிப்படியாக விவரிக்கிறேன்.

முதல் படி: எந்த ஹெட்ஃபோன்?

அமைதியான அறையில் கேட்க முடியும் என்றால், பின்புறம் திறந்த வகை ஹெட்ஃபோனே செவ்வியல் இசைக்கு மிகப் பொருத்தமானது. காதுமூடியின் வெளிப்புறம் அடைபடாமல் இருப்பதால் ஒலி உள்ளேயே முட்டி மோதாமல் விரிகிறது. ஆர்கெஸ்ட்ரா தலைக்குள் அடைபட்டதுபோலத் தோன்றுவது குறைகிறது. சென்ஹைசரின் எச்டி 600 இவ்வகையில் நெடுங்காலமாக மதிக்கப்படும் ஒன்று. ஆனால் அதன் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 300 ஓம் என்பதால் கைப்பேசியில் நேரடியாகச் செருகினால் ஒலி போதாமல் போகலாம். சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று தேவைப்படும். வாங்குவதற்கு முன் இந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

பேருந்திலும் ரயிலிலும் கேட்பவர்களுக்குத் திறந்த வகை உதவாது. வெளிச்சத்தம் முழுவதும் உள்ளே வரும். உங்கள் சிம்பொனி பக்கத்து இருக்கைக்காரருக்கும் கேட்கும். அங்கே மூடிய வகையோ, இரைச்சல் நீக்கும் வசதி கொண்டதோ, காதுக்குள் பொருந்தும் வகையோதான் வழி. காதுக்குள் செருகும் வகையில் ரப்பர் முனை சரியாகப் பொருந்தி அடைக்க வேண்டும். சிறிய இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் கசிந்துவிடும். டபுள் பேஸும் செல்லோவும் மெலிந்து, முழு ஆர்கெஸ்ட்ராவும் கீச்சென்று ஒலிக்கும். "இந்த ஹெட்ஃபோனில் பேஸே இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்வதற்கு முன் வேறு அளவு முனையை மாற்றிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: செயலியின் அமைப்புகளை மாற்றுதல்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டினால் பின்னால் வரும் எதுவும் சரியாக அமையாது.

முதலில், ஒரு பாட்டு முடியும்போதே அடுத்தது கலந்து தொடங்கும் கிராஸ்ஃபேட் வசதியை அணைத்துவிடுங்கள். இடைவெளியின்றி ஒலிக்கும் கேப்லெஸ் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இதன் காரணத்தைப் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் நேரடியாகக் கேட்கலாம். மூன்றாம் பகுதியின் முடிவில் ஏறக்குறைய எல்லாமே அடங்கிப்போய், கம்பிக் கருவிகள் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்திருக்க, டிம்பனி முரசு மிக மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும். அந்த இருட்டிலிருந்து ஒலி சிறுகச் சிறுக எழும்பி, நிறுத்தமே இல்லாமல் நான்காம் பகுதிக்குள் பாயும். அதுவரை வாய் திறக்காமல் அமர்ந்திருந்த மூன்று டிராம்போன்களும் அங்கேதான் முதன்முறையாக முழங்கும். பீத்தோவன் இரு பகுதிகளையும் ஒன்றாகவே இணைத்திருக்கிறார்; செயலி அவற்றை இரண்டு டிராக்குகளாக வைத்திருக்கிறது. நடுவில் அரை விநாடி மௌனம் நுழைந்தாலும் அந்தப் பாய்ச்சல் தடுக்கி விழுகிறது.

அடுத்து, ஒலியளவைச் சமன் செய்யும் வசதி. வெவ்வேறு பாட்டுகள் ஒரே உரப்பில் கேட்க வேண்டும் என்பதற்காக அமைந்தது இது. ஒரு சிம்பொனியின் மெதுவான பகுதியும் ஆர்ப்பரிக்கும் பகுதியும் ஒரே உரப்பில் இருக்கவே கூடாது என்பதால் இதை அணைப்பதே பாதுகாப்பு. முழு ஆல்பத்தையும் ஓர் அலகாகக் கொண்டு சமன் செய்யும் தேர்வு இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். ஷஃபிளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஈக்வலைசரில் பேஸைக் கூட்டியிருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒலியளவு. பெரும்பாலோர் படைப்பின் மெல்லிய தொடக்கத்தைக் கேட்டு, போதவில்லை என்று கூட்டிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பித்தளைக் கருவிகள் முழங்கும்போது திடுக்கிடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: படைப்பின் மிக உரத்த இடத்துக்கு முதலில் சென்று, அது காதுக்கு இதமாக இருக்கும் அளவைத் தேர்ந்தெடுத்து, அதை மாற்றாமல் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். மெல்லிய இடங்கள் அப்போது உண்மையிலேயே மெல்லியதாக இருக்கும். காது சிறிது நேரத்தில் தானாக அவற்றை நோக்கிக் கூர்மையாகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதை வரம்பாகக் கூறுகிறது. 90 டெசிபலில் அந்த வரம்பு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இரைச்சலான இடத்தில் மெல்லிய பகுதி கேட்கவில்லை என்றால் ஒலியைக் கூட்டாதீர்கள். அந்தப் படைப்பை வீட்டில் கேட்க ஒதுக்கிவைத்துவிட்டு, அங்கே ஒரு ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைக்கருவி) பதிவையோ பியானோ பதிவையோ கேளுங்கள்.

மூன்றாம் படி: சேவையும் ஒலித்தரமும்

குறுந்தகட்டின் தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இழப்பற்ற ஸ்ட்ரீமிங் என்பது குறைந்தபட்சம் இந்தத் தரத்தை அப்படியே தருவது. ஆப்பிள் மியூசிக், டைடல், கோபஸ் ஆகியவை இதைத் தருகின்றன. ஸ்பாட்டிஃபையும் 2025 செப்டம்பரில் தொடங்கியது. ஆனால் வழக்கமான ப்ளூடூத் இணைப்பு ஒலியை மீண்டும் சுருக்கித்தான் அனுப்புகிறது. ஆகவே இழப்பற்ற தரத்துக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்திவிட்டு ப்ளூடூத்தில் மட்டுமே கேட்பவருக்கு அந்தச் செலவால் பெரிய பயனில்லை. என்னைக் கேட்டால், நல்ல 320 கிலோபிட் சுருக்கப்பட்ட ஒலிக்கும் இழப்பற்ற ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரு நல்ல ஒலிப்பதிவுக்கும் சுமாரான ஒலிப்பதிவுக்கும் உள்ள வேறுபாடு பல மடங்கு பெரியது.

தரத்தைவிடத் தேடல் வசதியே இங்கே முக்கியம். பிரைம்ஃபோனிக் என்ற செவ்வியல் இசைச் சேவையை 2021இல் வாங்கிய ஆப்பிள், 2023 மார்ச்சில் ஆப்பிள் மியூசிக் கிளாசிக்கல் என்ற தனிச் செயலியை வெளியிட்டது. பெர்லினிலிருந்து இயங்கும் இடாஜியோவும் இந்த இசைக்கென்றே உருவானது. இவற்றில் ஒரு படைப்பைத் தேடினால் அதன் பதிவுகள் அனைத்தும் ஒரே இடத்தில் வரிசையாக வரும். பொதுச் செயலியையே வைத்திருப்பவர்களும் அடுத்த படியைப் பின்பற்றிச் சமாளித்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: சரியாகத் தேடுதல்

மொஸார்ட்டின் "பியானோ கான்செர்டோ" (தனிப் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேரும் படைப்பு) என்று தேடினால் இருபதுக்கும் மேற்பட்டவை வந்து குவியும். பட்டியல் எண்தான் இங்கே கைவிளக்கு. மொஸார்ட்டின் படைப்புகளை லுட்விக் ஃபான் கோகெல் 1862இல் பட்டியலிட்டதால் மொஸார்ட்டுக்குக் "கே" எண்; பாகுக்கு "பி.டபிள்யூ.வி.", ஷூபர்ட்டுக்கு ஓட்டோ எரிக் டாய்ச் தொகுத்த "டி" எண், விவால்டிக்கு "ஆர்.வி.", பீத்தோவனுக்கும் பிராம்ஸுக்கும் பதிப்பு வரிசையான ஓபஸ் எண். இசையமைப்பாளர் பெயர், பட்டியல் எண், கலைஞரின் குடும்பப் பெயர் என்ற மூன்றை மட்டும் ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடுங்கள். சுருதியும் செல்லப்பெயரும் வேண்டாம்.

திரையில் தெரியும் ஆண்டை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டு. 1960இல் பதிவானது 2015 என்று காட்டப்படலாம். "மிகச் சிறந்த 50" போன்ற தொகுப்புகளையும், உறங்குவதற்கும் படிப்பதற்குமான பிளேலிஸ்ட்டுகளையும் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள். அவை மெதுவான இரண்டாம் பகுதிகளை மட்டும் பிய்த்தெடுத்து அடுக்குகின்றன. அந்த மெதுவான பகுதியின் அமைதிக்குப் பொருள் வருவதே அதற்கு முன்னால் நடந்த போராட்டத்தால்தான்.

ஐந்தாம் படி: காதைப் பழக்க ஒரு படைப்பு

ஆர்கெஸ்ட்ராவின் கருவிகளைக் காதால் அடையாளம் காண ரவெலின் பொலேரோவைவிட எளிய வழி இல்லை. 1928இல் முதலில் அரங்கேறிய இது ஏறக்குறைய பதினைந்து நிமிடம் ஒலிக்கும். ஸ்நேர் டிரம் ஒரே தாளத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விடாமல் வாசிக்க, இரண்டே மெட்டுகள் கருவி மாறி மாறித் திரும்ப வருகின்றன. மெட்டு மாறாததால் மாறுவது ஒலியின் நிறம் மட்டுமே. காது அதை மட்டும் கவனித்தால் போதும்.

முதலில் புல்லாங்குழல், பிறகு கிளாரினெட், அதன்பின் பஸூன் தன் உயர்ந்த குரலில், பின்னர் சிறிய கிளாரினெட், அடுத்து ஓபோ தமோர். ஆறாம் முறை புல்லாங்குழலும் ஒலியடக்கிய டிரம்பெட்டும் சேர்கின்றன. தொடர்ந்து இரண்டு சாக்ஸஃபோன்கள் ஒன்றன்பின் ஒன்றாக. ஒன்பதாம் முறை வரும்போது சற்று நிறுத்திக் கவனியுங்கள்: ஹார்ன் மெட்டை வாசிக்க, இரண்டு பிக்கலோக்கள் (சிறிய புல்லாங்குழல்கள்) அதே மெட்டை வேறு சுருதிகளிலும், செலஸ்டா (மணியோசை தரும் விசைக்கருவி) அதே சுருதியிலும் மேலே நிழலாகத் தொடரும். தனித்தனிக் கருவிகளாக அன்றி, இதுவரை கேட்டறியாத ஒரு புதிய கருவியாகவே அது ஒலிக்கும். ஒலிப்பெருக்கியில் இதை எளிதில் கடந்துவிடலாம். ஹெட்ஃபோனில் மூன்று இழைகளையும் பிரித்துப் பார்க்க முடியும். பிறகு டிராம்போன் வழுக்கி வரும். முடிவை நெருங்கும்போது இசை திடீரென்று வேறு சுருதிக்குத் தாவி மீண்டும் திரும்பும். அந்தத் தாவல் ஏன் அவ்வளவு பெரிய நிகழ்வாகத் தோன்றுகிறது என்றால், அதுவரை அடித்தளம் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

இரண்டாவது பயிற்சி இடத்தைக் கேட்பது. ஆர்கெஸ்ட்ராவில் வயலின்கள் முதல், இரண்டாம் என இரு குழுக்களாகப் பிரியும். வழக்கமான அமர்வில் முதல் வயலின்கள் உங்கள் இடக்காதிலும் செல்லோக்கள் வலப்பக்கமும் இருக்கும். சில நடத்துநர்கள் பழைய முறைப்படி இரண்டாம் வயலின்களை வலக்கோடியில் அமர்த்துவார்கள். இதன் பயன் சைக்காவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியில் தெரியும். 1893இல் அரங்கேறிய அதன் இறுதிப் பகுதியின் தொடக்கத்தில் நமக்கு ஒரு துயரமான மெட்டு கேட்கிறது. ஆனால் மேடையில் எவருமே அந்த மெட்டை வாசிப்பதில்லை. முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் சுரம் விட்டுச் சுரம் மாற்றி மாற்றி வாசிக்க, அது நம் காதில்தான் ஒரே கோடாக இணைகிறது. வயலின்களை எதிரெதிராக அமர்த்திய பதிவைத் தேர்ந்து ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த மெட்டு இடமும் வலமுமாகத் தள்ளாடுவதை உணரலாம்.

ஆறாம் படி: ஒரே படைப்பு, பல வாசிப்புகள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

பாகின் கோல்ட்பர்க் மாறுபாடுகள் 1741இல் அச்சானது. ஓர் ஆரியாவும் (தொடக்க மெட்டு) முப்பது மாறுபாடுகளும் கொண்ட இதை இரண்டு விசைவரிசை கொண்ட ஹார்ப்சிகார்டுக்காக அவர் எழுதினார். கனடியப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இதை 1955இல் பதிவு செய்து புகழ்பெற்றார். 1981இல் மீண்டும் பதிவு செய்தார். முதலாவது ஏறக்குறைய 38 நிமிடம், இரண்டாவது 51 நிமிடம். தொடக்க ஆரியாவை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முன்னதில் அது இரண்டு நிமிடத்துக்குள் லேசாகக் கடந்துபோகும். பின்னதில் மூன்று நிமிடத்தைத் தாண்டி, ஒவ்வொரு சுரமும் அடுத்ததை யோசித்து வைப்பதுபோல நகரும். எழுதப்பட்ட சுரங்கள் அவையே, கலைஞரும் அவரே. கூல்ட் வாசிக்கும்போது தனக்குத்தானே முனகும் குரலும் ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்கும். அதைக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். பிறகு ஹார்ப்சிகார்டில் வாசிக்கப்பட்ட ஏதேனும் ஒரு பதிவுக்குச் செல்லுங்கள். அழுத்தத்தால் சுரத்தின் உரப்பைக் கூட்டிக் குறைக்க முடியாத அந்தக் கருவியில் கலைஞர் காலத்தை நுட்பமாக நீட்டியும் சுருக்கியும் உணர்வை உண்டாக்குவது அப்போதுதான் புலப்படும்.

ஆர்கெஸ்ட்ராவில் இதே பயிற்சிக்குப் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி. வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் நடத்துநர் கார்லோஸ் கிளைபர் 1974இல் செய்த பதிவு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947 மே மாதத்தில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கிடம் திரும்பிவந்த நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் நடத்திய கச்சேரியின் பதிவு, பழங்காலக் கருவிகளைக் கொண்டு ஜான் எலியட் கார்டினர் 1990களில் செய்த பதிவு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுதாக வேண்டாம், முதல் பகுதி மட்டும். அதில் பின்பாதியில், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இசை சட்டென்று நின்று, ஒற்றை ஓபோ மட்டும் சில விநாடிகள் தனியே புலம்பும். மூவரும் அந்த ஓபோவுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார்கள் என்று மட்டும் ஒப்பிடுங்கள். 1947 பதிவு மோனோ, அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலி, என்பதால் ஒலி முழுவதும் தலையின் நடுவில் குவிந்து கேட்கும், ஹெட்ஃபோன் பழுதாகவில்லை. அத்தகைய பதிவைக் கேட்கத் தொடங்கும்போது முதல் சில நிமிடங்கள் சிரமமாக இருக்கும். பிறகு காது பழகி, இரைச்சலைத் தானே பின்னுக்குத் தள்ளிவிடும்.

ஒவ்வொரு படைப்புக்கும் தனி பிளேலிஸ்ட் ஒன்றைத் தொடங்கி, பிடித்த பதிவுகளை அதில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இதுவே காலப்போக்கில் உங்கள் சொந்த நூலகமாகிவிடும்.

ஏழாம் படி: சிறு குழுக்களின் இசை

ஹெட்ஃபோனுக்கு மிகவும் பொருந்துவது ஆர்கெஸ்ட்ராவைவிட நான்கைந்து பேர் வாசிக்கும் சேம்பர் இசை என்பது என் கருத்து. நடத்துநர் இல்லாததால் கலைஞர்கள் ஒருவருக்கொருவர் மூச்சால் சைகை காட்டுகிறார்கள்; தொடக்கச் சுரத்துக்கு முந்தைய அந்த மூச்சை நல்ல பதிவில் கேட்கலாம்.

ஷூபர்ட் தன் வாழ்வின் கடைசி ஆண்டான 1828இல் எழுதிய சி மேஜர் ஐவர் இசையில், டி 956 என்ற எண்ணுள்ளது, இரண்டு செல்லோக்கள் உண்டு. அதன் இரண்டாம் பகுதியில் நடுவிலுள்ள மூன்று கருவிகள் ஏறக்குறைய அசையாத ஒரு நீண்ட மெட்டைத் தாங்கி நிற்கின்றன. கீழே இரண்டாம் செல்லோ விரலால் கம்பியை மீட்டுகிறது. மேலே முதல் வயலின் துண்டு துண்டான சொற்களைப் போலப் பதில் சொல்கிறது. முதல் முறை நடுவிலுள்ள மெட்டை மட்டும், இரண்டாம் முறை செல்லோவின் மீட்டலை மட்டும், மூன்றாம் முறை வயலினை மட்டும் பின்தொடருங்கள். நான்காம் முறை எதையும் பின்தொடராமல் கேட்டாலே மூன்றும் தனித்தனியே கேட்கும். இத்தகைய நுணுக்கங்களோடு நாற்காலி முனகுவதும் தாள் புரள்வதும்கூடக் காதில் விழும். லண்டன் கிங்ஸ்வே ஹாலில் செய்யப்பட்ட சில புகழ்பெற்ற பதிவுகளில் அடியில் ஓடும் பாதாள ரயிலின் உறுமல்கூட உண்டு.

எட்டாம் படி: அடுத்ததைக் கண்டடைதல்

செயலியின் பரிந்துரை ஓரளவுக்குத்தான் உதவும். நீங்கள் கேட்டதையே ஒத்த, பெரும்பாலும் மிகப் பிரபலமானவற்றையே அது மீண்டும் நீட்டும். மனிதத் தொடர்புகளைப் பிடித்துச் செல்வது இதைவிடப் பயன் தரும். மொஸார்ட் தன் ஆறு நால்வர் இசைகளை ஹைடனுக்குக் காணிக்கையாக்கி 1785இல் வெளியிட்டார். பீத்தோவன் ஹைடனிடம் பயின்றார். ஆகவே மொஸார்ட்டின் அந்த நால்வர் இசைகளிலிருந்து பின்னோக்கி ஹைடனுக்கும் முன்னோக்கிப் பீத்தோவனுக்கும் நகரலாம். கிளாரா ஷூமன், ஃபானி மெண்டல்சன் ஆகிய பெண் இசையமைப்பாளர்களை அவர்கள் குடும்பத்து ஆண்களின் (கிளாராவின் கணவர் ராபர்ட், ஃபானியின் தம்பி ஃபெலிக்ஸ்) படைப்புகளோடு வைத்துக் கேட்பதும் ஒரு வழி. அமெரிக்க இசையமைப்பாளர் ஃபுளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனியைச் சிகாகோ ஆர்கெஸ்ட்ரா 1933இலேயே வாசித்தது. எனினும் அவருடைய கையெழுத்துப் படிகளில் பல 2009இல்தான் கைவிடப்பட்ட ஒரு வீட்டில் கண்டெடுக்கப்பட்டன.

பதிவு நிறுவனத்தைப் பின்தொடர்வதும் நல்ல பழக்கம். 1980இல் தொடங்கப்பட்ட ஹைபீரியன், அதிகம் அறியப்படாத படைப்புகளைத் தேடித் தேடிப் பதிவு செய்த நிறுவனம். நெடுங்காலம் ஸ்ட்ரீமிங்குக்கு வராமல் இருந்து, 2023இல்தான் அதன் தொகுப்பு வரத் தொடங்கியது. பிபிசி ரேடியோ 3 ஒரே படைப்பின் பல பதிவுகளை ஒப்பிட்டுப் பேசும் நிகழ்ச்சியை நெடுநாளாக ஒலிபரப்பி வருகிறது. ஆறாம் படிக்கு அது நல்ல துணை.

ஒன்பதாம் படி: இசைக்குறிப்பும் நெடும்படைப்புகளும்

2006இல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இணைய நூலகத் தளத்தில் காப்புரிமை முடிந்த படைப்புகளின் இசைக்குறிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சுரம் வாசிக்கத் தெரியாதவர்களும் அதைத் திறந்து வைத்துக் கேட்கலாம். கோடுகள் மேலேறும்போது இசை மேலேறுவதையும், பக்கம் கறுத்து அடரும்போது ஒலி அடர்வதையும் கண்ணால் பின்தொடர்வதே போதுமான உதவி. சேம்பர் இசையில் தொடங்குங்கள். நான்கு வரிகளைப் பின்தொடர்வது இருபது வரிகளைவிட எளிது.

இசையமைப்பாளர் மாலரின் சிம்பொனிகளும், இசை நாடகங்களான ஓபராக்களும் ஒரு மணி நேரத்தையும் அதற்கு மேலும் கோருபவை. இவற்றை முழுதாக ஒரே அமர்வில் கேட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். சிம்பொனியைப் பகுதிகளின் எல்லையில், ஓபராவை அங்கங்களின் எல்லையில் நிறுத்துங்கள். ஓபராவுக்கு அதன் உரையும் மொழிபெயர்ப்பும் கையில் இருக்க வேண்டும். முதல் அங்கத்தின் உரையைக் கேட்பதற்கு முன்பே ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு உரையோடு ஒருமுறையும் உரையில்லாமல் ஒருமுறையும் கேளுங்கள். இரண்டாம் அங்கத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அரங்கிலேயே அங்கங்களுக்கு நடுவே இடைவேளை விடுகிறார்கள்.